ரிக்‌ஷா இழுத்த நான்கு சகோதரர்கள்

1885ஆம் ஆண்டு நத்தாருக்கு லாகூரிலிருந்து ‘குவார்ட்டெட்’ என்றொரு சிறப்பு மலர் வெளிவந்தது. அங்கே நடந்துவந்த ‘சிவில் அன்ட் மிலிட்டரி கசெற்’ பத்திரிகையின் மலர் அது. கிப்ளிங் வீட்டார் நால்வரும் சேர்ந்து எழுதினார்கள்: தகப்பன், தாய், மகள், மகன். மகன் ருட்யார்ட் கிப்ளிங்குக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. ‘பேய் ரிக்‌ஷா’ என்ற அவருடைய கதை முதலில் அச்சானது அதில்தான்.

கதை சிம்லாவில் நடக்கிறது. பான்சே என்ற இளம் அதிகாரி கப்பலில் சந்தித்த ஒருவர் மனைவியோடு பழகுகிறான். பிறகு சலித்துப்போய் உதறிவிடுகிறான். அவள் மனம் நொந்து இறக்கிறாள். அவன் வேறொருத்தியை நிச்சயம் செய்து, அவளோடு குதிரையில் உலாவப் போகிறான். கொம்பர்மியர் பாலத்தருகே மஞ்சள் பலகை அடித்த ஒரு ரிக்‌ஷா எதிரே வந்து நிற்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகச் சீருடை அணிந்த நான்கு ஆட்கள் அதை இழுத்துவருகிறார்கள். உள்ளே இருப்பவள் செத்துப்போன அந்தப் பெண். அவன் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிகிறது. கடைசியில் அந்த ரிக்‌ஷாவே அவனைச் சாகடிக்கிறது.

காதலும் துரோகமும் அன்றைய வாசகர்களுக்குப் போதுமாக இருந்திருக்கும். நான் நின்றுவிடுகிற இடம் கதையின் நடுவில் இருக்கிறது. வழியில் இரண்டு வெள்ளையர் பேசிக்கொண்டு போவது பான்சேயின் காதில் விழுகிறது. அந்த ரிக்‌ஷாவை இழுத்த நால்வரும் உடன்பிறந்தவர்களாம். ஹரித்வாருக்குப் போகிற வழியில் நால்வரும் கொலராவில் மாண்டுபோனார்களாம். இறந்த சீமாட்டியின் வண்டி துரதிர்ஷ்டம் என்று அதை வாடகைக்கு விட்டவன் உடைத்துப் போட்டுவிட்டானாம். இதைக் கேட்டதும் பான்சேக்குச் சிரிப்பு வருகிறது. மறுமையிலும் ஊழியம் இருக்கிறதா, அந்த அம்மாள் இவர்களுக்கு என்ன கூலி கொடுக்கிறாள், எத்தனை மணிவரை வேலை என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறான். அடுத்த வரியில் கதை தன் போக்கில் போய்விடுகிறது. நால்வரின் பெயரும் கடைசிவரை வருவதில்லை.

நான் கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்தவள், நாவிதன்வெளிக்காரி. விக்டோரியா காலத்துப் பேய்க்கதைகள் என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பித்து. இந்தியாவில் நடப்பதாக எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அந்த நால்வரைப் பற்றிய வரிகளைப் படித்தபிறகு மற்றக் கதைகளையும் வேறு விதமாகத்தான் படிக்க முடிந்தது. பேயை விட்டுவிட்டு, பேய் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை யார் தூக்கிவந்தார்கள், விளக்கை யார் ஏற்றினார்கள், செத்தவனை யார் சுமந்தார்கள் என்று பார்க்கப் பழகினேன். அப்படிப் பார்த்தால் இந்தக் கதைகள் ஒரு நல்ல சரித்திரப் பதிவு. ராச்சியம் எதைக் கட்டியது, யாரைக் கொண்டு கட்டியது என்று அரசாங்க அறிக்கைகள் சொல்லாத விவரம் இவற்றில் கிடக்கிறது.

ரிக்‌ஷாவையே பாருங்கள். பேய் என்றால் பழைய காலத்து வண்டியில்தான் வரும் என்று நினைப்போம். ஆனால் ரிக்‌ஷா ஜப்பானில் உருவானதே 1869, 1870 அளவில். சிம்லாவுக்கு அது வந்தது 1880ஐ ஒட்டி. அதற்கு முன் ஜம்பான் என்ற நாற்காலிப் பல்லக்கில் சீமாட்டிகளைத் தோளில் சுமந்தார்கள். சுமப்பவர்களை ஜம்பானிகள் என்றார்கள். மலைப்பாதையில் ரிக்‌ஷா வந்த பிறகும் அதே ஆட்கள், அதே பெயர். இருவர் முன்னால் இழுக்க, இருவர் பின்னால் தள்ள வேண்டும். 1864இலிருந்து சிம்லா கோடைகாலத் தலைநகரம். கல்காவிலிருந்து ரெயில் ஏறியது 1903இல்தான். இடைப்பட்ட காலம் முழுக்க ஒரு பேரரசின் தலைமைச் செயலகம் வருடாவருடம் மனிதத் தோளிலும் மாட்டுக்கரத்தையிலும் குதிரைவண்டியிலும் மலையேறி இறங்கியது. கிப்ளிங்கின் பேய் ஏறிவந்தது ஊருக்கு வந்து ஐந்தாறு வருடமே ஆன புத்தம்புது வாகனத்தில்.

இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பேய் குடியிருக்கிற இடங்கள் கோட்டையோ பாழடைந்த மடமோ இல்லை. தபால் பங்களா என்ற பயணியர் விடுதி, ரெயில் பாதை முகாம், மலைவாசஸ்தலத்து வாடகை வீடு, பட்டாளக் குடியிருப்பு. பெரும்பாலும் அரசாங்கப் பணத்தில், ஓரிரு தலைமுறைக்குள் எழும்பியவை. வந்தவர்கள் நிறையப் பேர் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. எங்கள் பக்கத்திலேயே, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். 1815 ஏப்ரலில் இறந்தார். கட்டடம் புதிது, கல்லறையும் புதிது. அந்தப் பயம் கதையில் ஏறியது.

தபால் பங்களாக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1888இல் கிப்ளிங் எழுதிய ‘என் சொந்த உண்மைப் பேய்க்கதை’. அலகாபாத்தின் ஏ.எச். வீலர் கம்பெனி ரெயில் பயணிகளுக்காக ஒரு ரூபாய்க்கு விற்ற புத்தக வரிசையில், பேய் ரிக்‌ஷாவோடு சேர்ந்து அதுவும் வெளிவந்தது. தபால் பங்களாவில் ஒரு நாள் தங்கவும் அப்போது பொதுவாக ஒரு ரூபாய்தான். ஒரு பயணி ராத்திரி தங்குகிறான். பக்கத்து அறையில் பில்லியர்ட் பந்துகள் மோதும் ஓசை. அந்த அறையோ ஒரு மேசைகூடப் பிடிக்காத சின்ன அறை. பயத்தில் உறைந்துபோகிறான். காலையில் கிழட்டுக் கான்சாமாவிடம், அதாவது பங்களாவைப் பார்த்துக்கொள்கிற சமையற்காரரிடம், இது முன்பு என்னவாக இருந்தது என்று கேட்கிறான்.

கான்சாமாவுக்குப் பெயர் உண்டு: மங்கள் கான். அவர் சொல்வதைக் கவனியுங்கள். ரெயில் பாதை போட்ட துரைமார் விளையாட இங்கே வருவார்கள்; மூன்று அறைகளும் அப்போது ஒரே கூடம்; நடுவே பில்லியர்ட் மேசை. எப்போதும் கோபக்காரரான ஒரு தடித்த துரை, என்னிடம் பிராந்தி ஊற்றச் சொல்லிவிட்டு மேசைமேல் குனிந்தார், தலை தாழ்ந்துகொண்டே போய் மேசையில் முட்டியது, ஓடிப்போய்த் தூக்கினோம், உயிர் இல்லை. அவரைச் சுமந்து வெளியே கொண்டுபோக நானும் கைகொடுத்தேன். அந்தத் துரைமார் எல்லாரும் செத்துப்போனார்கள், நான் இருக்கிறேன்.

கதை முடிவில் பேய் வெறும் எலியும் ஆடுகிற ஜன்னல் சட்டமும்தான் என்று தெரியவருகிறது. ஆவியுலக ஆராய்ச்சிச் சங்கத்துக்கே எழுதலாம் என்று கனவு கண்ட பயணி ஏமாந்துபோகிறான். 1882இல் லண்டனில் ஆரம்பித்த அந்தச் சங்கம் அன்று பெரிய பேச்சு. எனக்கு ஏமாற்றமே இல்லை. கட்டடத்தின் சரித்திரம் முழுவதும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் குசினியில் நிற்கிறவர் என்பதை இந்தக் கதையைவிடத் தெளிவாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

இதை நான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம் என் பாட்டனார், மூத்தாப்பா. இந்தியாவில் தபால் பங்களா என்றால் இங்கே வாடிவீடு. றோட்டு ஓரத்தில், ஒரு நாள் பயணத் தூரத்துக்கு ஒன்றாக அரசாங்கம் கட்டிவைத்தது. மூத்தாப்பா கிழக்குக் கரை வாடிவீடு ஒன்றில் குசினியில் இருந்தவர். நீள விறாந்தை, கையில் காலைப் போட்டுக்கொள்ள நீட்டுச் சட்டம் வைத்த சாய்மனைக் கதிரைகள், பின்னால் தனியாகக் குசினி. மழை வந்தால் சாப்பாட்டைத் தலைக்குமேல் சாக்குப் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். பின்னேரமானால் லாந்தர்ச் சிமினிகளை வரிசையாக வைத்துச் சாம்பல் போட்டுத் துடைப்பார். ஒரு கைரேகை இருந்தாலும் துரை திருப்பி அனுப்புவாராம். கரத்தை வரும் சத்தம் கேட்டதும் கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அறுப்பது, உரிப்பது, சமைப்பது எல்லாம் வந்தவர் குளித்து முடிக்கிற நேரத்துக்குள். வயசான காலத்திலும் கண்ணாடிப் பொருள் ஒன்றைக் கண்டால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்.

சாப்பிட்டு முடிந்ததும் அநேகமான துரைமார் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்: இந்த வீட்டில் பேய் இருக்கிறதா?

“நீங்க என்ன சொல்லுவீங்க மூத்தாப்பா?” என்று கேட்டேன்.

“கேட்டா சொல்லத்தானே வேணும் புள்ள. ஒரு வெள்ளக்காரப் பொம்புள வெள்ள உடுப்போட விறாந்தையில நடக்கிற எண்டு சொல்லுவன். அவங்களுக்குச் சந்தோசம்.”

“மெய்யா?”

“அங்க எந்த வெள்ளக்காரப் பொம்புளயும் மவுத்தாகல்ல. அந்தக் குசினியில அடுப்புப் பத்தி ஒரு பொடியன் மவுத்தானான். அவனப் பத்தி ஒருத்தரும் கேக்கல்ல.”

அந்தப் பொடியனின் பெயரை மூத்தாப்பா எனக்குச் சொன்னார். குடும்பத்தார் இருக்கிறார்கள், ஆகவே இங்கே எழுதவில்லை. மங்கள் கானும் பயணியைப் பார்த்துத்தான் கதையைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்கிறவனுக்கு ரெயில் துரைமாரின் சாவுதான் தேவை. அந்த ரெயில் பாதையில் மண் சுமந்து மாண்டவர்களைப் பற்றி அவன் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மற்றக் கதைகளிலும் இதே கணக்குத்தான். பித்தியா மேரி குரோக்கர் அயர்லாந்துக்காரி. பட்டாள அதிகாரியை மணந்து சென்னை மாகாணத்திலும் பர்மாவிலும் பல வருடம் இருந்தவர். நீலகிரியின் வெலிங்டனில் இருந்து நிறைய எழுதினார். அவருடைய ‘வாடகைக்கு விடப்படும்’ கதையில் மலை வீட்டு விறாந்தையை நோக்கி ஒரு குதிரைச் சவாரி வந்து பள்ளத்தில் விழும் ஓசை மழைக்காலம் தவறாமல் கேட்கும். ‘டாக்கோர் தபால் பங்களா’வில் வழிப்போக்கனைக் கொன்றவர்கள் சேவகர்கள். ஒன்று, சேவகன் கொலைகாரன். அல்லது செத்த பிறகும் மேசையில் பரிமாறிக்கொண்டு நிற்கிற ஆவி. கிப்ளிங்கின் ‘இம்ரே திரும்பி வந்தது’ கதையில் காணாமற்போன எசமானின் பிணம் கூரைக்கும் உட்கூரைத் துணிக்கும் நடுவே கிடக்கிறது. கொன்றவன் அவனுடைய வேலைக்காரன் பகதூர் கான். எசமான் தன் பிள்ளையின் தலையில் தட்டினான், பிள்ளை காய்ச்சலில் செத்தது, கண்ணூறுதான் காரணம் என்று நம்பிக் கொன்றான். ஒரு தகப்பனின் துக்கம் அந்தக் கதையில் இரண்டு மூன்று வரி. மிச்சம் எல்லாம் வெள்ளையர் வீட்டுக்குள் இருக்கிற பயம்: தினமும் சோறு போடுகிறவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாத பயம். 1857 எழுச்சிக்குப் பிறகு பிறந்த கதைகளில் இந்தப் பயம் இல்லாத கதை அபூர்வம்.

ஆர்தர் கொனன் டொயிலின் ‘பழுப்புக் கை’ 1899இல் வெளிவந்தது. பம்பாயில் இருந்த பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர், மலைநாட்டு ஆப்கானியன் ஒருவனின் நோய்பிடித்த கையை வெட்டி, கூலிக்குப் பதில் அந்தக் கையையே தன் சேகரிப்பில் வைத்துக்கொள்கிறார். மறுமையில் முழு உடலோடு எழவேண்டும் என்பதால் தான் செத்தபின் கையைத் திருப்பித் தரவேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். வீடு எரிந்தபோது கையும் எரிந்தது. செத்தவன் இங்கிலாந்துவரை வந்து, ராத்திரிக்கு ராத்திரி போத்தல்களைத் தேடுகிறான். டாக்டரின் மருமகன் லண்டனில் ஷாட்வெல் கப்பலோட்டிகள் ஆஸ்பத்திரிக்குப் போய், விபத்தில் நசுங்கி வெட்டப்பட்ட ஓர் இந்திய மாலுமியின் கையை வாங்கிவந்து வைக்கிறான். முதலில் கொண்டுவந்தது இடக்கை, ஆவி வீசியெறிகிறது. வலக்கை கிடைத்ததும் சாந்தியடைகிறது. மருமகனுக்குச் சொத்து எழுதிவைக்கப்படுகிறது, கதை சுபம்.

கை கொடுத்த மாலுமி? அவனுக்கு மறுமை இல்லையா? டொயில் கேட்கவில்லை. லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட அந்த இந்தியக் கப்பலாட்கள் ஆயிரக்கணக்கில் லண்டன் துறையில் வந்துபோன காலம் அது. ஒருவனின் கையால் இன்னொருவனின் கடன் தீர்ந்தது, லாபம் மூன்றாமவனுக்கு. இந்த ஒரு கதையை வகுப்பில் வைத்தால் ராச்சியத்தின் பொருளாதாரம் முழுவதையும் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தலாம்.

எங்கள் கரைக்கு வருவோம். வாடிவீடும் றோட்டும் சும்மா வரவில்லை. 1848இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த வீதிச் சட்டப்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் எல்லாரும் வருடத்தில் 6 நாள் றோட்டு வேலை செய்யவேண்டும், அல்லது 3 ஷில்லிங் கட்டவேண்டும். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832இல் ஒழித்தவர்களே பதினாறு வருடத்தில் அதை வேறு பெயரில் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் மாத்தளையிலும் கண்டியிலும் கிளர்ச்சி வெடிக்க இதுவும் ஒரு காரணம். அப்போது குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். கிளர்ச்சி அடங்கிய கையோடு, 1848 செப்டம்பரில், அவர் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியில் பாடும் மீனைக் கேட்க ராத்திரி வள்ளத்தில் போனார். தண்ணீருக்கடியிலிருந்து மெல்லிய இசை வந்ததையும், வள்ளத்து மரத்தில் காதை வைத்தால் அது இன்னும் பலமாகக் கேட்டதையும் 1859இல் வெளிவந்த தன் இலங்கைப் புத்தகத்தில் எழுதினார். வள்ளம் வலித்தவர்கள், சத்தம் எங்கே கேட்கும் என்று காட்டியவர்கள், அது ஊரி போடும் சத்தம் என்று விளக்கம் சொன்னவர்கள் எல்லாரும் மீனவர்கள். அதே புத்தகத்தில்தான் உலமா என்ற பேய்ப்பறவையும் வருகிறது: நடுக்காட்டில், குரல்வளையை நெரித்தாற்போல் அலறும் பறவை. அது ஒரு வகைப் பெரிய ஆந்தையாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து.

நம்மவர்கள் துரைமாரைப் பற்றிச் சொன்ன கதைகளும் உண்டு. அவை வேறு சாதி. மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகப் பேர் வாங்கியவர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். நுவரெலியாவில் அடக்கினார்கள். அந்தக் கல்லறையிலும் இடி விழுந்து கல் பிளந்தது என்று சனங்கள் சொல்லிவந்தார்கள். அந்தக் கதையில் விறாந்தையும் இல்லை, வெள்ளை உடுப்பும் இல்லை. யானைக்கு யார் நியாயம் கேட்பது என்ற கேள்விக்குச் சனங்கள் தாங்களே சொல்லிக்கொண்ட பதில்.

வெளியிலிருந்து வருகிறவர்களின் பயம் எங்களுக்குப் புதிதுமில்லை. மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று தமிழ்ப் பேச்சில் ஒரு வசனம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்தவர்கள் இங்கேயே கலியாணம் முடித்து, வளவு வாங்கித் தங்கிவிட்டார்கள். திரும்பி வராததற்கு ஊரில் மந்திரம் என்று பெயர் வைத்தார்கள். நெல்லும் தயிரும் கிடைக்கிற ஊரில் ஒருவன் தங்குவதற்கு மந்திரம் எதற்கு?

எங்கள் சொந்தப் பேய்கள் வயலில்தான் இருந்தன. நாவிதன்வெளியைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் வட்டை, அதாவது வயல்வெளி. மாரியில் கிட்டங்கித் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் காடு கொலனியாகியது, உழவு இயந்திரம் வந்தது. அதற்கு முன், ராத்திரியில் களவெட்டியில் எருமைகளைச் சுற்றவிட்டுச் சூடடிப்பார்கள். அந்த நேரத்தில் களத்துச் சாமான்களையும் மாட்டையும் வழக்கமான பெயரால் சொல்லக்கூடாது; களத்துக்கென்று வேறு சொற்கள் இருந்தன. பூதம் காதில் விழுந்தால் பொலியை அள்ளிக்கொண்டுபோகும் என்பது பயம். தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வட்டையில் சேர்ந்து வேலை செய்தவர்கள், அந்தக் கட்டுப்பாட்டையும் சேர்ந்தே காத்தார்கள். சின்னப் பிள்ளையில் வாப்பாவோடு ஒருமுறை வயல்வாடியில் படுத்திருந்தேன். அவுரி என்ற முக்காலியில் ஏறி நின்றவர் சுளகை உதற, பதர் காற்றோடு போய், நெல் கீழே விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் வாய்திறக்கவில்லை.

அந்தப் பூதம் எதைத் திருடும் என்று எல்லாருக்கும் தெரியும். வயற்சொந்தக்காரரான போடியாருக்கு எவ்வளவு, வேலையாட்களின் தலைவனான முல்லைக்காரனுக்கு எவ்வளவு, வயலை மேற்பார்க்கிற வட்டவிதானைக்கு எவ்வளவு என்று பிரித்தபின் வீட்டுக்கு வருவது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் போய்விடுமோ என்ற பயம் அது. உழைக்கிறவனின் பேய் நெல்லைத் திருடியது. ஆளுகிறவனின் பேய் விறாந்தையில் உலாவியது. இரண்டாவதுக்குத்தான் அச்சகம் கிடைத்தது.

கிப்ளிங்கைப் படிக்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பேய் ரிக்‌ஷா இந்தியாவைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த பேய்க்கதைகளில் முதலிடத்தில் வைக்கவேண்டிய கதை. செத்தபிறகும் நால்வர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி என்ன என்று கேட்கத் துணிந்த வேறு எழுத்தாளரை அந்தக் கூட்டத்தில் நான் காணவில்லை. கிப்ளிங் அதை வேடிக்கையாகக் கேட்டாலும் கேட்டுவிட்டார்.

கல்முனையிலும் சம்மாந்துறையிலும் காரைதீவிலும் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் வாடிவீட்டுக் குசினியில் நின்றவர், றோட்டுக்குக் கல்லுடைத்தவர், துரைமாரின் கரத்தை ஓட்டியவர் இருந்திருப்பார். அவரை அறிந்த கடைசி ஆள் இன்னும் உயிரோடு இருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள். அவர் பெயர், எந்த வாடிவீடு, என்ன சம்பளம், யார் அங்கே மவுத்தானார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி, உங்கள் ஊர்ப் பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.